கேபிள் பிரேக்-இன் பாக்ஸ்: உள்ள என்ன நடக்குது, வாங்கலாமா, நாமளே செஞ்சு சோதிக்கிறது எப்படி – முழு வழிகாட்டி

புது கேபிள் மாட்டின உடனே சவுண்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், 200 மணி நேரம் ஓடினாத்தான் "திறக்கும்"னு ஹைஃபை ஆளுங்க சொல்லி கேட்டிருப்பீங்க. அந்த 200 மணி நேரத்த ரெண்டு மூணு நாள்ல முடிச்சுத் தர்றோம்னு வர்றதுதான் பிரேக்-இன் டிவைஸ், பர்ன்-இன் பாக்ஸ், குக்கர்னு பல பேர்ல ஓடுற இந்த சமாச்சாரம். ஆடியோதர்மா கேபிள் குக்கர், நார்டோஸ்ட் விடார், ப்ளூ ஹொரைசன் ப்ரோபர்ன், ஹேகர்மேன் ஃப்ரைக்ளீனர்னு வரிசையா வந்திருக்கு. சிலத வீட்டுக்கு வாங்கலாம், சிலது டீலர் கிட்ட இருக்கும், கேபிள குடுத்தா "சமைச்சு" குடுப்பாங்க.

என் கருத்த முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் இழுத்தடிச்சான்னு சொல்லக் கூடாது. பாக்ஸ் தன் வேலைய ஒழுங்காத்தான் செய்யுது, சிக்னல் அனுப்புது, கரண்ட் ஓடுது, அதுல பொய் இல்ல. கேபிள் வெளிய வரும்போது உள்ள போன கேபிள்தானா, வேற ஆளா ஆயிடுச்சாங்கிறதுதான் கேள்வி. இத வாய்ச்சண்டை போட்டு தீர்க்க வேண்டியதில்ல, ஒரு சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸும் (கம்ப்யூட்டர்ல சவுண்ட உள்ள வெளிய அனுப்புற பெட்டி) மல்டிமீட்டரும் வெச்சு வீட்டுலயே அளக்கலாம். அதனால இந்த வழிகாட்டில பாதி பாக்ஸ் செய்யுறது பத்தி, பாதி அளக்குறது பத்தி. அவசரம்னா செய்யுறத விட்டுட்டு அளக்குற பகுதிய மட்டும் படிங்க, அதுதான் காசு மிச்சம் பண்ணும்.

படி 1: பாக்ஸுக்குள்ள என்ன இருக்குன்னு புரிஞ்சுக்கங்க

மூடிய கழட்டினா பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. ஒரு சிக்னல் ஜெனரேட்டர், அதுக்குப் பின்னாடி ஒரு ஆம்ப் இல்லன்னா பஃபர், கேபிளோட மறுமுனைல ஒரு லோட் ரெசிஸ்டர், அப்புறம் ஆர்சிஏ, எக்ஸ்எல்ஆர், பனானா மாதிரி விதவிதமான சாக்கெட். அவ்ளோதான். வித்தியாசமெல்லாம் என்ன சிக்னல், எவ்ளோ வோல்ட், எவ்ளோ கரண்டுங்கிறதுலதான்.

சிக்னல்ல பொதுவா மூணு வகை: ஸ்வீப், நாய்ஸ், ஸ்கொயர் வேவ். ஸ்கொயர் வேவ் பாக்க மிரட்டலா இருக்கும், "எல்லா ஃப்ரீக்வென்சியும் இதுல இருக்கு"ன்னு சொல்வாங்க. அதுக்கு இன்னொரு நடைமுறை லாபம் இருக்கு. பிங்க் நாய்ஸோட (மேல் ஃப்ரீக்வென்சிக்குப் போகப் போக சக்தி குறையுற இரைச்சல்) பீக் அதோட ஆர்எம்எஸ் அளவ, அதாவது சக்திய வெச்சுப் பாக்குற ஒரு வகை சராசரிய விட கிட்டத்தட்ட 4 மடங்கு போகும், ஸ்கொயர் வேவ்ல பீக்கும் ஆர்எம்எஸ்ஸும் ஒண்ணுதான், அதனால ஒரு சின்ன 12 வோல்ட் அடாப்டர் வெச்சே முழு சக்தியையும் வெளிய எடுத்துடலாம்.

வோல்டேஜா கரண்டாங்கிறது அடுத்த விஷயம். ஸ்பீக்கர் கேபிள் நிஜத்துலயே கரண்ட் சுமக்குற கேபிள், 8 ஓம் ஸ்பீக்கர்ல 1 வாட்டுக்கு சுமார் 0.35 ஆம்பியர் ஓடும். இன்டர்கனெக்ட், அதாவது பிளேயர்ல இருந்து ஆம்புக்குப் போற சிக்னல் கேபிள், கதை வேற, சிடி பிளேயரோட 2 வோல்ட் அவுட்புட் 10 கிலோ ஓம் இன்புட்டுக்குள்ள போனா வெறும் 0.2 மில்லி ஆம்பியர். "வழக்கமா பாட்டு கேட்டா இன்டர்கனெக்ட் பிரேக்-இன் ஆகவே ஆகாது, எங்க பாக்ஸ்தான் வேணும்"னு விக்கிறவங்க சொல்றது இத வெச்சுத்தான். கணக்கு சரிதான், கரண்ட் நிஜமாவே கம்மி. ஆனா கரண்ட கூட்டினா என்ன மாறும்னு அதுக்கு அடுத்த வரில சொல்லணுமே, அங்கதான் எல்லாரும் பேச்ச மாத்துறாங்க.

படி 2: சொல்ற காரணங்கள ஒண்ணொண்ணா கணக்குல வெச்சுப் பாருங்க

முதல் காரணம், காப்பரோட கிரிஸ்டல் அமைப்பு மாறுதுன்னு சொல்றது. கம்பியா இழுத்து இறுகின காப்பர் மறுபடி இளகணும்னா 200 டிகிரிக்கு மேல சூடு வேணும், ஃபேக்டரில அத ஏற்கனவே செஞ்சுதான் அனுப்புறாங்க. பாலிஎத்திலீன் இன்சுலேஷன் 130 டிகிரிக்குள்ளயே உருகிடும், ஆக உங்க பாக்ஸ் காப்பர மாத்துற அளவுக்கு சூடாக்கினா கேபிளே இருக்காது. சரி, அப்படியே மாறினாலும் என்ன? இழுத்து இறுகின காப்பருக்கும் முழுசா இளக்கின காப்பருக்கும் ரெசிஸ்டன்ஸ் வித்தியாசமே 3 சதவீதம் கிட்டதான். ரூம் சூடு 10 டிகிரி ஏறினா அதுவே 4 சதவீதம் மாத்திடும். மத்தியானம் கேக்குறதுக்கும் விடிகாலைல கேக்குறதுக்கும் அத விட பெரிய மாற்றம் இருக்கு, அதப் பத்தி யாரும் பேசுறதில்ல பாருங்க.

ரெண்டாவது காரணம் டைஎலக்ட்ரிக், அதாவது கம்பிய சுத்தி இருக்குற இன்சுலேஷன். இதுல கொஞ்சம் உண்மை இருக்குறதால நிதானமா பாக்கணும். டைஎலக்ட்ரிக் அப்சார்ப்ஷன்னு ஒண்ணு, அதாவது இன்சுலேஷன் கொஞ்சம் சார்ஜ உறிஞ்சி மெல்ல திருப்பி விடுறது, நிஜமா இருக்கு, பிவிசில அதிகம், டெஃப்லான்லயும் பாலிஎத்திலீன்லயும் ரொம்ப கம்மி. இன்சுலேஷன்ல எப்பவும் ஒரு டிசி வோல்டேஜ் இருந்தா நல்லதுன்னு ஆடியோக்வெஸ்ட் கம்பெனி கேபிள்லயே 72 வோல்ட் பேட்டரி பேக் மாட்டி வித்திருக்காங்க. ஆனா இந்த அப்சார்ப்ஷன் ஏறி இறங்குற விஷயம், சிக்னல் நின்னதும் தானா வடிஞ்சிடும், 200 மணி நேரம் கழிச்சு நிரந்தரமா ஒரு புது நிலைக்குப் போறதுக்கு அதுல வழி இல்ல. இன்சுலேஷன்ல எவ்ளோ சக்தி இறங்குதுன்னு பாப்போம்: 1 மீட்டர் கேபிள், 100 பிக்கோஃபாரட், 10 வோல்ட், 20 கிலோஹெர்ட்ஸ், லாஸ் அதிகமான பிவிசின்னே வெச்சுக்குவோம், லாஸ் டேன்ஜன்ட் (இன்சுலேஷன் எவ்ளோ சக்திய சூடா வீணாக்குதுங்கிற அளவு) 0.1. கணக்குப் போட்டா 0.13 மில்லி வாட் வரும். கேபிள கைல புடிச்சா உங்க கைச்சூடு இத விட பல மடங்கு குடுக்கும்.

மூணாவது, ஸ்டாட்டிக் சார்ஜ். புது கேபிள சுருள்ல இருந்து பிரிச்சு இழுக்கும்போது உரசல்ல சார்ஜ் ஏறுறது உண்மை. கேபிள அசைச்சா சத்தம் வர்ற ட்ரைபோஎலக்ட்ரிக் நாய்ஸும் உண்மை, சென்சார் கேபிள்ல அதுக்குன்னே கிராஃபைட் கலந்த லேயர் போடுவாங்க. ஆனா அது கிடார் பிக்கப், பீசோ சென்சார் மாதிரி ரொம்ப ஹை இம்பீடன்ஸ் இடங்கள்ல வர்ற தொல்லை. 200 ஓம் அவுட்புட் இருக்குற டேக்ல (டிஜிட்டல் சவுண்ட அனலாக் சிக்னலா மாத்துற டிவைஸ்) இருந்து போற கேபிள்ல அதுக்கு இடமே இல்ல.

இதுக்கு மேல "கேபிள ஒரு வாரம் சும்மா வெச்சா பிரேக்-இன் போயிடும், இடம் மாத்தினா மறுபடி செட்டில் ஆகணும்"னு ஒரு உப கதை உண்டு. எந்த சோதனை தோத்தாலும் தப்பிக்க வழி வெச்சிருக்குற வாதம் அது, அத நான் கணக்குலயே எடுக்குறதில்ல.

படி 3: பாக்ஸ் செய்யணும்னா இப்படி செய்யுங்க

ஜெனரேட்டர் தனியா கட்ட வேண்டாம், பிங்க் நாய்ஸ் ஃபைல் ஒண்ண லூப்ல போட்ட பழைய ஃபோன் போதும். ஆம்புக்கு சும்மா கிடக்குற பழைய ஏபி கிளாஸ் ஸ்டீரியோ ஆம்ப் இருந்தா அதுதான் பெஸ்ட். சின்ன கிளாஸ்-டி போர்டு வாங்கலாம்னு தோணும், விலை கம்மி, ஆனா கவனம்: அதுல நிறைய போர்டு பிரிட்ஜ் அவுட்புட், அதாவது மைனஸ் டெர்மினல் கிரவுண்ட் கிடையாது, ரெண்டு முனையும் உயிரோட இருக்கும். லெஃப்ட் ரைட் ரெண்டு ஆர்சிஏ கேபிளோட ஷீல்டும் மெட்டல் பாக்ஸ்ல ஒண்ணா தொட்டா ரெண்டு சேனல் மைனஸும் ஷார்ட், போர்டு புகையும். பிரிட்ஜ் போர்டுதான் கைல இருக்குன்னா பிளாஸ்டிக் பாக்ஸ் போடுங்க, ஒவ்வொரு சேனலையும் தனித்தனியா வைங்க.

சாக்கெட் அமைப்பு சிம்பிள்தான், ஒரு சாக்கெட்ல சிக்னல் வெளிய போகும், கேபிள் வழியா சுத்தி இன்னொரு சாக்கெட்டுக்கு வரும், அந்த ரெண்டாவது சாக்கெட்ல நடு பின்னுக்கும் ஷீல்டுக்கும் நடுவுல லோட் ரெசிஸ்டர். இன்டர்கனெக்டுக்கு 100 ஓம், 5 வாட் போடுங்க, 5 வோல்ட் ஆர்எம்எஸ் குடுத்தா 50 மில்லி ஆம்பியர் ஓடும், ரெசிஸ்டர்ல கால் வாட்தான் இறங்கும். நிஜ உபயோகத்துல ஓடுறத விட இதுவே 250 மடங்கு, இதுக்கு மேல ஏத்த எந்தக் காரணமும் இல்ல. எக்ஸ்எல்ஆர்னா பின் 2-ல சிக்னல், பின் 3-யும் 1-யும் சேத்து ரிட்டர்ன்.

ஸ்பீக்கர் கேபிளுக்கு 8 ஓம், 50 வாட் அலுமினியம் கேஸ் போட்ட ரெசிஸ்டர். அந்த 50 வாட்ங்கிறது ஹீட்சிங்க்ல இறுக்கி மாட்டினா மட்டும்தான், காத்துல தொங்க விட்டா அதுல பாதி கூட தாங்காது, இது தெரியாம கார்பெட்ட கருக்கினவங்க உண்டு. 8 வோல்ட் ஆர்எம்எஸ் குடுத்தா 1 ஆம்பியர், 8 வாட், இது தாராளம். அவுட்புட்ல 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு கட்டாயம், ஏன்னா கேபிள்ல ஷார்ட் இருந்தா அத முதல்ல கண்டுபிடிக்கப் போறது உங்க ஆம்ப்தான்.

ஹை ஃப்ரீக்வென்சி ஸ்கொயர் வேவோ 20 கிலோஹெர்ட்ஸ் சைனோ முழு வால்யூம்ல மணிக்கணக்கா ஓட்டாதீங்க. ஆம்ப் அவுட்புட்ல ஜோபெல் நெட்வொர்க்னு ஒரு சின்ன ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் இருக்கும், மேல் ஃப்ரீக்வென்சில அது வழியா பாயுற கரண்ட் ஏறி அந்த ரெசிஸ்டர் கருகிடலாம். பிங்க் நாய்ஸ்ல மேல போகப் போக சக்தி ஆக்டேவுக்கு 3 டெசிபெல் குறையுறதால அந்த பயம் இல்ல. ஆம்ப் வேண்டாம், ஆப்-ஆம்ப் பஃபர் போடுறேன்னா அவுட்புட்ல 47-ல இருந்து 100 ஓம் வரைக்கும் சீரியஸா போடுங்க, இல்லன்னா நீள கேபிளோட கெப்பாசிடன்ஸ பாத்ததும் அது தானா ஆசிலேட் ஆக ஆரம்பிக்கும்.

படி 4: ஓட்டுறதுக்கு முன்னாடியே அளந்து வைங்க

எல்லாரும் தவற விடுற படி இது. முன்னாடி அளக்கலன்னா பின்னாடி என்ன மாறுச்சுன்னு எத வெச்சு சொல்வீங்க?

முதல் வேலையா ஒரே மாடல், ஒரே நீளம், ஒரே நேரத்துல வாங்கின ரெண்டு கேபிள் எடுங்க. ஒண்ணு பாக்ஸுக்குப் போகும், இன்னொண்ணு அதே ரூம்ல சும்மா இருக்கும். வெளிய தெரியாத மாதிரி அடையாளம் போட்டு வைங்க.

ஸ்பீக்கர் கேபிள் ரெசிஸ்டன்ஸ மல்டிமீட்டர் ஓம் ரேஞ்சுல அளக்காதீங்க, புரோப் வயர் ரெசிஸ்டன்ஸே கேபிள விட அதிகமா இருக்கும். மறுமுனைய ஷார்ட் பண்ணி, 1 ஆம்பியர் டிசி அனுப்பி, கேபிள் முனைல விழுற மில்லி வோல்ட்ட படிங்க. 2.5 சதுர மில்லிமீட்டர், 3 மீட்டர் கேபிள்னா போக வர 6 மீட்டர், 41 மில்லி வோல்ட் கிட்ட வரணும். ரூம் டெம்பரேச்சரையும் பக்கத்துலயே எழுதி வைங்க, சூடு 10 டிகிரி ஏறினா அது 43-க்கு கிட்ட போயிடும், அத பிரேக்-இன்னு நினைச்சு சந்தோஷப்படக் கூடாது. எல்சிஆர் மீட்டர் இருந்தா கெப்பாசிடன்ஸும் இண்டக்டன்ஸும் எடுங்க, ஆனா கேபிள் கிடக்குற வடிவம் மாறினா அந்த நம்பர் மாறும், அதனால டேபிள்ல டேப் ஒட்டி ஒரே வளைவுல வெச்சு எடுக்கணும்.

அடுத்தது நல் டெஸ்ட், இதுதான் நாயகன். ஆடியோ இன்டர்ஃபேஸோட அவுட்புட்ல இருந்து அதே இன்டர்ஃபேஸோட இன்புட்டுக்கு கேபிள மாட்டி, ஒரு பாட்ட ஓட்டி 24 பிட்ல ரெக்கார்ட் பண்றீங்க. அப்புறம் அதே மாதிரி இன்னொரு தடவ. ரெண்டையும் சரியா அடுக்கி, ஒண்ண தலைகீழாக்கி கூட்டினா மிச்சம் வர்றதுதான் வித்தியாசம். ஒரே இன்டர்ஃபேஸ் ஏன்னா, பிளே பண்றதும் ரெக்கார்ட் பண்றதும் வேற வேற கிளாக்ல ஓடினா ரெண்டும் மெல்ல நழுவிப் போய் பொய்யான வித்தியாசம் காட்டும். அடுக்குறது கழிக்கிறது எல்லாம் டெல்டாவேவ்னு ஒரு சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்கும், ஆடாசிட்டில கையாலயும் பண்ணலாம். ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ், டிஸ்டார்ஷன் பாக்க ஆர்இடபிள்யூ (ரூம் ஈக்யூ விசார்ட்) சாஃப்ட்வேர் போதும்.

இன்டர்ஃபேஸ ஆன் பண்ணி அரை மணி நேரம் சூடாக விட்டுட்டு ஆரம்பிங்க. ஏன் இவ்ளோ கறார்னா, லெவல் 0.001 டெசிபெல் மாறினாலே மிச்சம் மைனஸ் 79 டெசிபெல்ல வந்து நிக்கும், கேபிளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால ஒண்ணுமே செய்யாம, ஒரே கேபிள கழட்டி மாட்டி மறுபடி ரெக்கார்ட் பண்ணி, அந்த நல் எவ்ளோ ஆழம் போகுதுன்னு பல தடவ எடுத்து வைங்க. அதுதான் உங்க அளவுகோலோட எல்லை, அதுக்குள்ள வர்ற எந்த வித்தியாசமும் செல்லாது.

படி 5: ஓட்டுங்க

இதுல சொல்ல பெருசா இல்ல. விக்கிறவங்க எவ்ளோ நேரம் சொல்றாங்களோ அவ்ளோ நேரம் ஓட்டுங்க, "நீ கம்மியா ஓட்டினே"ங்கிற பேச்சு பின்னாடி வரக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் கூடவே இருந்து ரெசிஸ்டரும் பிளக்கும் எவ்ளோ சூடாகுதுன்னு தொட்டுப் பாருங்க, யாரும் இல்லாத வீட்டுல ஓட விடாதீங்க. முடிஞ்சதும் ஒரு ராத்திரி ஆற விடணும்.

படி 6: திரும்ப அளங்க, அப்புறம் காதால கேளுங்க

படி 4-ல செஞ்சது எல்லாத்தையும் அதே வரிசைல, அதே டெம்பரேச்சர்ல, பாக்ஸுக்குப் போன கேபிளுக்கும் போகாத கேபிளுக்கும் செய்யுங்க. கேபிள் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம், அதுல 4 சதவீதம் நிஜமாவே மாறிடுச்சுன்னே வைங்க, 10 கிலோ ஓம் இன்புட்டுக்கு முன்னாடி அது மைனஸ் 128 டெசிபெல்ல வர்ற மாற்றம், உங்க இன்டர்ஃபேஸோட நாய்ஸே அதுக்கு ரொம்ப மேல இருக்கும். கெப்பாசிடன்ஸும் அதே கதைதான், 200 ஓம் சோர்ஸும் 200 பிக்கோஃபாரட் கேபிளும் சேந்தா கட்-ஆஃப் 4 மெகாஹெர்ட்ஸ் கிட்ட, அது 10 சதவீதம் அங்க இங்க போனா 20 கிலோஹெர்ட்ஸ்ல யாருக்கு என்ன?

"மீட்டர்ல தெரியாதது காதுல தெரியும்"னு சொல்றவங்களுக்கு காது டெஸ்ட்டும் இருக்கு. ஏபிஎக்ஸ் முறை, அதாவது ஓடுறது ஏ-வா பி-யான்னு தெரியாம காதால மட்டும் கேட்டு சொல்றது, ஒண்ணும் புதுசில்ல, 1950-ல பெல் லேப்ஸ்ல மன்சனும் கார்ட்னரும் எழுதினது, 1982-ல டேவிட் கிளார்க் ஹைஃபைக்கு ஏத்த டபுள் பிளைண்ட் (கேக்குறவருக்கும் நடத்துறவருக்கும் எது எதுன்னு தெரியாத) கம்பேரேட்டர் பத்தி ஏஇஎஸ் (ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி) ஜர்னல்ல எழுதினார். வீட்டுல செய்ய ஒரு நண்பர் போதும். அவர் காசு சுண்டி எந்த கேபிள்னு முடிவு பண்ணி, நீங்க ரூமுக்கு வெளிய இருக்கும்போது மாட்டிட்டு, நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி கிளம்பிடணும், அவர் முகம் கூட உங்களுக்குத் தெரியக் கூடாது. அதே கேபிள் வந்தாலும் கழட்டி மாட்டணும். 16 தடவ செய்யுங்க, 12 சரியா சொன்னா குருட்டாம்போக்குல அது வர்ற வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கம்மி, அப்போ உக்காந்து பேசலாம். 9 சரின்னா அது வெறும் அதிர்ஷ்டம். ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல, காது களைச்சா நிறுத்துங்க.

கழட்டி மாட்டுறத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, பிரேக்-இன் கதைல பாதி அங்கதான் ஒளிஞ்சிருக்குன்னு எனக்கு சந்தேகம். மாசக்கணக்கா அசையாம இருந்த ஆர்சிஏ பிளக்ல ஆக்சைடு படிஞ்சிருக்கும், பாக்ஸ்ல போட கழட்டுறீங்க, திரும்ப மாட்டுறீங்க, அந்த உரசல்ல கான்டாக்ட் சுத்தமாகுது, சவுண்டு தெளிவாகுது, பேர் பாக்ஸுக்குப் போகுது. பாக்ஸ் இல்லாம ரெண்டு பக்கமும் நாலஞ்சு தடவ சொருகி எடுத்துப் பாருங்க, இது ஃப்ரீ. இன்னொண்ணு, நிறைய பேர் கேபிளும் ஸ்பீக்கரும் ஒண்ணா வாங்குறாங்க. ஸ்பீக்கரோட கோன புடிச்சிருக்குற சரவுண்டும் ஸ்பைடரும் ஓட ஓட இளகுறது நிஜம், ரெசனன்ஸ் ஃப்ரீக்வென்சி இறங்குறத அளந்தே காட்டலாம். அந்தப் புண்ணியத்த கேபிள் வாங்கிக்குது.

படி 7: வாங்கலாமா?

சவுண்டு மாறும்னு வாங்குறீங்கன்னா வேண்டாம். கேபிள் வாங்கும்போது "200 மணி நேரம் பொறுங்க"ன்னு சொன்னா ஒரு கணக்குப் போடுங்க, தினம் 2 மணி நேரம் கேட்டா 100 நாள், அதுக்குள்ள ரிட்டர்ன் தேதி போயிடும். புடிக்கலன்னா தேதிக்குள்ள திருப்பிக் குடுத்துடுங்க, திறக்கும்னு காத்திருக்காதீங்க.

ஆனா கேபிள் சொந்தமா செய்யுறவங்களுக்கு இந்த பாக்ஸ் வேற வேலைக்கு நிஜமா உதவும், அதனாலதான் செய்யுற முறைய இவ்ளோ விரிவா சொன்னேன். 1 ஆம்பியர் ஓடும்போது பனானா பிளக் கிரிம்ப் சரியில்லன்னா சூடாகி காட்டிக் குடுக்கும். லோட் முனைல மீட்டரோ ஸ்கோப்போ வெச்சுட்டு கேபிள கனெக்டர் பக்கத்துல வளைச்சு ஆட்டினா கோல்டு (cold) சோல்டர் ஜாயின்ட், அதாவது ஈயம் சரியா உருகி ஒட்டாத இணைப்பு, ஷீல்டு இழை ஒண்ணு நடு பின்ன தொடுறது எல்லாம் துள்ளி வெளிய வரும். சாதாரண கன்டின்யூட்டி பீப்ல பாஸ் ஆகிற கேபிள் இதுல மாட்டிக்கும். ஒரு ராத்திரி ஓட்டி ஆட்டிப் பாத்துட்டு அப்புறம் அடுத்தவங்களுக்கு குடுக்கலாம்.

கடைசியா, இதுல எதெல்லாம் மாட்டக் கூடாதுன்னு சொல்லிடுறேன். டர்ன்டேபிள் டோன்ஆர்ம் வயர்ல கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும்போது கிட்டயே கொண்டு போகாதீங்க, முடி மாதிரி இருக்குற காயில் நொடில போயிடும். ஹெட்போன் கேபிள் கழட்ட முடிஞ்சா மட்டும், டிரைவர் முனைல இருந்து கழட்டிட்டு. யூஎஸ்பி, எச்டிஎம்ஐ கேபிள் எல்லாம் வேண்டவே வேண்டாம். பவர் கார்டுக்கு மெயின்ஸ் கரண்ட் வெச்சு சொந்தமா எதையும் கட்டாதீங்க, அத சமைக்கணும்னு அவ்ளோ ஆசையா இருந்தா டோஸ்டர்ல மாட்டி பிரெட் சுடுங்க, அதுல ஓடுற கரண்ட் நாம மேல சொன்ன 1 ஆம்பியர விட அதிகம்.